பியூலா கை வைத்த நாள்

"இந்த வீட்டு மருமவ இனிமே யார் உடம்பிலயும் கை வைக்கக் கூடாது" என்று சுவிசேஷமுத்து சொல்லி ஒரு வாரம் ஆகிவிட்டது.

பியூலா தலையை அசைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். கோர்ட்டில் ஜப்தி உத்தரவு கொண்டுபோகிற அமீனா ஒருவருக்குத் திருகிக்கொண்ட கழுத்தை வீட்டு முன்னறையில் வைத்து நேராக்கி அனுப்பியதுதான் அவள் செய்த குற்றம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவில் வாசலில் இரண்டு பெண்கள் அதைப் பற்றி வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். அவள் மாமனார் சுவிசேஷமுத்து பாளையங்கோட்டையில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியில் முன்வரிசையில் உட்காருகிறவர். அவருக்கு அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பு பியூலா மதுரைப் பக்கம் ஒரு மிஷன் மருந்துச்சாலையில் பார்க்கர் துரைசாணியிடம் வேலை பார்த்தவள். அந்த அம்மா அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்தவர். எலும்பும் மூட்டும் தசையும் எங்கே சரியாக அசைகின்றன, எங்கே அசையாமல் நிற்கின்றன என்று விரலால் கண்டுபிடித்து, கையாலேயே சரிசெய்கிற வைத்தியம் அது. துரைசாணிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போன பியூலா, அவரிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டு வந்தாள்.

இப்போது அந்தக் கைகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை காலை. 1913-ஆம் வருஷத்துப் பங்குனி வெயில் அப்போதே முற்றத்தில் ஏறியிருந்தது. அன்று சாயந்தரம் வண்ணாரப்பேட்டை ஆற்று மணலில் பாளையங்கோட்டைக்கும் ஏரலுக்கும் சடுகுடு. மூன்று வருஷமாக ஏரல்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

"அப்பா" என்று ஒரு குரல் கேட்டது. கூப்பிட்ட மாதிரி இல்லை, முனகிய மாதிரி இருந்தது.

பியூலா எட்டிப் பார்த்தாள். அவள் கொழுந்தன் பாக்கியசீலன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உடம்பு முன்பக்கம் குனிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பாளையங்கோட்டை அணியில் எதிராளியின் கோட்டுக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருவதில் அவனுக்கு இணை யாரும் இல்லை.

"நிமிந்து நில்லுலே" என்றார் சுவிசேஷமுத்து.

"முடியல்லப்பா. எந்திரிக்கும்போதே பிடிச்சுக்கிட்டு."

"நேத்து என்ன செஞ்சே?"

"ஆடிப் பழகி முடிச்சு வேர்வையோட ஈர மணல்ல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம். எந்திரிச்சு ஒரு தாவு தாவிப் பாத்தேன். அப்பவே சுருக்குன்னு இருந்துச்சு."

பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த அணி அவர் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூட்டிச் சேர்த்த அணி. முகத்தில் ஒன்றும் காட்டாமல், "லில்லி, வன்னியராஜுக்கு ஆள் அனுப்பு. எண்ணெய் போட்டு முதுகுல ஏறி மிதிக்கட்டும். விட்டுரும்" என்றார்.

லில்லி அவருடைய கடைசிப் பெண். தகப்பன் சொன்னதைச் செய்ய வாசலுக்கு ஓடினாள். வன்னியராஜ் அதே அணியில் ஆடுகிறவன், நல்ல கனத்த ஆள். பியூலா தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

அவள் கணவன் ஞானசிகாமணி கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தா. அடுக்களை வாசலில் காப்பிக்காக நின்றுகொண்டிருந்தான்.

"இங்கேருங்க, மிதிக்க விடாதீங்க" என்றாள் பியூலா தாழ்ந்த குரலில்.

"அப்பா சொல்லியாச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

"தம்பியோட இடது பக்கம் இடுப்பு மேல ஏறி நிக்கி பாத்தீங்களா? தொடையத் தூக்குத தசை உள்ளுக்குள்ள சுருண்டு முதுக முன்னால இழுக்குது. மேல ஏறி மிதிச்சா இன்னும் இறுகும். ஒரு மாசம் படுக்கைதான்."

"அப்பம் நீ போய்ப் பாரு."

"நான் தொடக் கூடாதுல்லா."

ஞானசிகாமணி காப்பிக்குக் கையை நீட்டினான். பியூலா அவன் விரல்களைப் பார்த்தாள். வலதுகை நடுவிரலில் மை அப்பியிருந்தது.

"உங்க கை இருக்குல்லா" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று புரிந்தது. சின்ன வயதிலேயே ஓடினால் மூச்சு வாங்குகிறவன் அவன். ஆட்டத்தைப் பற்றித் தகப்பனார் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் எல்லாரும் மைதானத்துக்குப் போகிற நாளில் அவன் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பான்.

இன்று அவன் முன்னறைக்குப் போனான்.

"அப்பா, நான் பாக்கேன்."

"நீயா? நீ என்னத்தப் பாப்ப?"

"பியூலா சொல்லுவா, நான் செய்வேன். அவ தொட மாட்டா. நீங்க சொன்னது தொடக் கூடாதுன்னுதானே. பேசக் கூடாதுன்னு சொல்லல்லியே."

கோர்ட்டில் இருந்து அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாதம் அது. பெரியவர் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"வன்னியராஜ் வார வரைக்கும் பாரு" என்றார்.

பாக்கியசீலனைப் பெஞ்சியில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். பியூலா கதவருகே சுவரோடு ஒட்டி நின்றாள், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"தம்பி, கால்ல மரமரப்பு உண்டா? விரல அசைங்க பாப்போம்."

"மரமரப்பு இல்ல மதினி. வலிதான்."

"நல்லது. இப்பம் நீங்க" என்று கணவனைப் பார்த்தாள். "இடது முழங்கால மடக்கி நெஞ்சுப் பக்கம் பைய கொண்டு போங்க. எங்க தடுக்குதோ அங்கனயே நில்லுங்க. இழுக்காதீங்க."

ஞானசிகாமணி சொன்னபடி மடக்கினான். முழங்கால் பாதியில் நின்றது.

"தம்பி, உங்க அண்ணன் கையை முழங்காலால லேசா எதிர்த்துத் தள்ளுங்க. போதும். இப்பம் விடுங்க. மூச்ச முழுசா வெளிய விடுங்க. அது போக்குல கொஞ்சம் இறங்கும் பாருங்க. இன்னொரு கையை இடுப்பு எலும்புக்கு உள்பக்கமா வைங்க. இன்னும் உள்ள. ஆங்."

"இங்கன ஒண்ணு கயிறு மாதிரி துடிக்குது" என்றான் ஞானசிகாமணி.

"அதேதான். அதை அமுக்காதீங்க. கையை வச்சுக்கிட்டுக் காத்திருங்க."

முற்றத்தில் காக்கை ஒன்று கத்திவிட்டுப் போனது. வன்னியராஜ் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியவன் இந்தக் காட்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"இளகுது" என்றான் ஞானசிகாமணி. அவன் முகத்தைப் பார்த்த லில்லிக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணன் முகம் அப்படி மலர்ந்து அவள் கண்டதில்லை. "பியூலா, என் விரலுக்கு அடியிலயே இளகுது."

இரண்டு மூன்று தடவை அதையே திருப்பிச் செய்தார்கள். பிறகு பாக்கியசீலன் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, பைய எழுந்து நின்றான். நேராக நின்றான். ஒரு அடி வைத்தான், இன்னொரு அடி வைத்தான்.

"முக்கால்வாசி போயிட்டு" என்றான்.

"மிச்சம் நடந்தாத்தான் போகும்" என்றாள் பியூலா. "ஆத்துக்கு வண்டியில போகாதீங்க, நடந்தே போங்க. அங்கன போனதும் நேரா ஆட்டத்துல இறங்காதீங்க. முதல்ல பைய ஓடணும். இடுப்பு, தொடை, தோள் எல்லாத்தையும் சுத்திச் சுத்திச் சூடு பண்ணணும். உடம்பு குளுந்து கிடக்கையில தாவினதாலதான் இந்த வினை. உங்க ஒருத்தருக்கு மட்டுமில்ல, எல்லாரும் செய்யணும்."

வன்னியராஜ் பெரியவரைப் பார்த்தான். "மிதிக்கணுமா ஐயா?"

"வேண்டாம்" என்றார் சுவிசேஷமுத்து. "நடந்து போகட்டும்."

சாயந்தரம் ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கி ஓடியது. மீதி இடமெல்லாம் மணலும் ஜனமும். கோர்ட்டு குமாஸ்தாக்கள், மிஷன் வாத்தியார்கள், மேலப்பாளையத்து நெசவாளிகள், ஏரலில் இருந்து மாட்டு வண்டி கட்டி வந்தவர்கள் என்று கரை வரை நிறைந்திருந்தார்கள். பெண்கள் மருத மரங்களுக்கு அடியில் உட்கார்ந்தார்கள். பியூலாவும் லில்லியும் அங்கேதான் இருந்தார்கள்.

கீழே ஞானசிகாமணி கோட்டைக் கழற்றிவிட்டு அணியை வட்டமாக ஓட விட்டுக்கொண்டிருந்தான். காலையில் மனைவி சொன்னதை ஒன்று விடாமல் செய்ய வைத்தான். முழங்காலைத் தூக்கச் சொன்னான், இடுப்பைச் சுழற்றச் சொன்னான், தோளை உருட்டச் சொன்னான்.

ஏரல் அணியைக் கூட்டிவந்தவர் முகம்மது மைதீன், தேங்காய் மண்டிக்காரர். அவர் சிரித்தார். "ஹெட்மாஸ்டர் அண்ணாச்சி, உங்க பயலுவ ஆட வந்தாங்களா, ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ள வந்தாங்களா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பெரியவரின் காது சிவந்தது. ஆனாலும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்று ஆட்டம். தொடப்பட்டவனும் பிடிபட்டவனும் வெளியே உட்கார வேண்டும். ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்துவிட்டால் அந்த ஆட்டம் முடிந்தது.

முதல் ஆட்டத்தை ஏரல் எடுத்தது. முகம்மது மைதீனின் தங்கை மகன் காஜா முகைதீன் ஒருவனே பாதிப் பேரைத் தொட்டு உட்கார வைத்தான். ஒல்லியான பையன். பாடிக்கொண்டு வந்தால் எந்தப் பக்கம் திரும்புவான் என்று சொல்ல முடியாது. இரண்டாவது ஆட்டத்தில் பாக்கியசீலன் எழும்பினான். முதலில் கொஞ்சம் தயங்கிப் போனவன், உடம்பு கேட்கிறது என்று தெரிந்ததும் பழைய வேகத்தில் பாய்ந்தான். அந்த ஆட்டம் பாளையங்கோட்டைக்கு வந்தது. ஏரல்காரர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் அது நடந்தது.

காஜா பாடி வந்து ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். பாக்கியசீலன் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். வன்னியராஜ் இடுப்பைக் கட்டினான். மூன்று பேரும் சேர்ந்து விழுந்தார்கள். காஜாவின் கை முதுகுப் பக்கமாக வளைந்து அடியில் மாட்டிக்கொண்டது. மற்ற இருவரும் எழுந்தார்கள். அவன் எழவில்லை. வலது தோளின் உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமாக இருந்தது.

"தோள் இறங்கிட்டு" என்றான் வன்னியராஜ். அவனுக்கு உதவ வேண்டும் என்ற பதற்றம். காஜாவின் கையைப் பிடித்து, அக்குளில் பாதத்தை ஊன்றி இழுக்கப் போனான். காஜா போட்ட சத்தம் மருத மரம் வரைக்கும் கேட்டது.

"இழுக்காதீரும் வே" என்று ஞானசிகாமணி ஓடிவந்து அவனைத் தள்ளினான்.

"அப்பம் நீரே செய்யும். காலையில தம்பி முதுக நேராக்குனது நீருதானே."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். முகம்மது மைதீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒமக்குத் தெரிஞ்சா செய்யும். எந்தங்கச்சிக்கு ஒரே பிள்ளை."

ஞானசிகாமணி காலையில் முதல்முறையாகக் கிடைத்த பெருமையை நினைத்தான். செய்கிற மாதிரி ஏதாவது செய்யலாம். ஊர் பார்க்கிறது, அப்பா பார்க்கிறார்.

"என்னால ஆகாது அண்ணாச்சி" என்றான். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னான். "காலையில என் கையை நடத்துனது என் பெஞ்சாதி. தெரியாதவன் தொட்டா கையே விளங்காமப் போயிரும். அவதான் வரணும்."

சொல்லிவிட்டுத் தகப்பனைப் பார்த்தான். சுவிசேஷமுத்து மணலில் ஊன்றிய கம்பைப் பிடித்தபடி நின்றார். அவரைச் சுற்றி சபைக்காரர்கள் நின்றார்கள்.

மேலே லில்லி பியூலாவின் கையைப் பிடித்தாள். "மதினி, அப்பா ஒண்ணும் சொல்லல்லியே."

"அவுக சொல்லுத வரைக்கும் தோள் காத்திருக்காது. நேரம் ஆக ஆக தசை இறுகிரும்" என்றாள் பியூலா. கையை விடுவித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

இந்த மணலில் நடந்து போனால், திரும்பி வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கால் வெந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. மாமனாரின் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க சொன்ன சொல்ல இன்னைக்கு மீறுதேன். ஏச வேண்டியத வீட்டுல வச்சு ஏசுங்க."

பதிலுக்குக் காத்திராமல் காஜாவின் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

அவன் முகம் சாம்பலாக இருந்தது. பியூலா முதலில் தோளைத் தொடவில்லை. மணிக்கட்டில் நாடி பார்த்தாள். விரல்களை அசைக்கச் சொன்னாள். புஜத்தின் வெளிப்புறத்தில் நுனிவிரலால் தடவி, "இங்கன தொடுதது தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுதுக்கா."

"அப்பம் பயமில்ல. அண்ணாச்சி, பின்னால உக்காந்து பிள்ளையத் தாங்கிக்கிடுங்க."

முகம்மது மைதீன் மருமகனைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். பியூலா காஜாவின் முழங்கையை மடக்கி, அவன் விலாவோடு சேர்த்துப் பிடித்தாள். மற்றக் கையால் அவன் முன்கையைப் பிடித்து, கதவு திறக்கிற மாதிரி வெளிப்பக்கமாகத் திருப்பத் தொடங்கினாள். திருப்புவது கண்ணுக்கே தெரியவில்லை. அவன் முகம் சுளிக்கும்போதெல்லாம் நிறுத்தினாள். மூச்சு விட்டதும் மறுபடி தொடங்கினாள்.

"நீ என்ன வேலை பாக்க?"

"மாமா மண்டியிலக்கா."

"தேங்காய் உரிப்பியா?"

"நான் உரிக்க மாட்டேன். வெல சொல்லத்தான் செய்வேன்."

"எல்லா வேலையும் செய்யுதான்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன், எந்தங்கச்சிக்கிட்ட" என்று முகம்மது மைதீன் முணுமுணுத்தார்.

காஜாவுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தோள் தளர்ந்தது. பியூலாவின் கை இன்னும் கொஞ்சம் திரும்பியது. உள்ளே, பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மொத்தென்று ஒரு சத்தம்.

காஜா கண்ணை அகலத் திறந்தான். "வலி போயிட்டு" என்றான், நம்ப முடியாதவனாக. பள்ளம் இருந்த இடத்தில் தோள் மறுபடி உருண்டு நின்றது.

பியூலா மறுபடியும் நாடி பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள். "கையக் கழுத்தோட கட்டணும். ஒரு துணி வேணும்."

அவள் தலைக்கு மேலே ஒரு கை நீண்டது. அதில் சரிகைக்கரை அங்கவஸ்திரம் தொங்கியது. கோவிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் இந்த ஒரு பந்தயத்துக்கும் மட்டும் சுவிசேஷமுத்து போடுகிற அங்கவஸ்திரம். வெறும் சட்டையோடு அவர் நின்றார்.

"இது போதுமாம்மா?" என்றார்.

பியூலா அதை வாங்கி, முக்கோணமாக மடித்து, பையனின் கையைக் கட்டினாள்.

"மூணு வாரம் இந்தக் கட்டு. அதுக்குப் பிறகும் கொஞ்ச நாள் ஆடக் கூடாது. அவசரப்பட்டா மறுபடி மறுபடி இறங்கும்" என்றாள். அப்போதுதான் காஜாவுக்கு அழுகை வந்தது.

ஆட்டம் தொடரவேண்டும். பாக்கியசீலன் நடுக்கோட்டுக்கு வந்து நடுவரிடம் பேசினான். "காஜா பிடிபட்டதாக் கணக்கு வேண்டாம். அவன் இடத்துல ஏரல்காரங்க வேற ஆளை நிறுத்தட்டும்."

"பிடிச்சது பிடிச்சதுதானே" என்று வன்னியராஜ் சொன்னான்.

"எனக்கு அந்தப் பிடி வேண்டாம்ல."

முகம்மது மைதீன் தலையை அசைத்தார். புது ஆள் இறங்கினான். இறங்கியவன் சாதாரண ஆள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியில் இந்தப் பக்கம் பாக்கியசீலன் மட்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர். வெயில் மங்கி ஆற்றுத் தண்ணீர் செம்பு நிறத்துக்கு வந்திருந்தது.

பாக்கியசீலன் பாடிக்கொண்டு போனான். புது ஆளைத் தோளில் தொட்டான். மற்றவன் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்தான். குப்புற விழுந்தான் பாக்கியசீலன். பாட்டு நிற்கவில்லை. உடம்பு முழுவதும் ஒரு பக்கமாக முறுக்கியது. காலையில் எந்த இடம் பிடித்துக்கொண்டு நிமிர விடவில்லையோ, இப்போது அந்த இடம்தான் முழு பாரத்தையும் தாங்க வேண்டும். ஞானசிகாமணி தன்னை அறியாமல் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

அந்த இடம் தாங்கியது. பாக்கியசீலன் இழுபட்டவாறே கையை நீட்டினான், இன்னும் நீட்டினான். நடுக்கோட்டில் அவன் விரல் பதிந்தது. தொடப்பட்டவன், பிடித்தவன், ஏரலின் கடைசி இரண்டு பேருமே வெளியே; ஆட்டம் பாளையங்கோட்டைக்கு.

ஆற்று மணல் முழுவதும் எழுந்து நின்றது. தொப்பிகளும் துண்டுகளும் பறந்தன. காஜா கட்டுப் போடாத கையால் தன் தொடையில் தட்டினான். அணிக்காரர்கள் பாக்கியசீலனைத் தூக்கினார்கள். அவன் மேலிருந்தபடி கையைக் காட்டி, "எங்க அண்ணனத் தூக்குங்கலே" என்று கத்தினான். வாழ்நாளில் ஒரு பந்தயத்திலும் ஓடாத நகல் குமாஸ்தா, மூக்குக் கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஜனங்களின் தலைக்கு மேலே போனான். சுவிசேஷமுத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணைத் துடைக்கத் தோளுக்குக் கையைக் கொண்டுபோனவர், அங்கே துணி இல்லாததால் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.

வண்டி பூட்டுகிற நேரத்தில் முகம்மது மைதீன் அவரிடம் வந்தார்.

"அண்ணாச்சி, ஆட்டுக்குட்டின்னு நான் சொன்னத மனசுல வச்சுக்கிடாதீங்க. உங்க மருமவள ஒரு நாள் ஏரலுக்கு அனுப்பி வையுங்க. எங்க பயலுவளுக்கும் அந்தத் துள்ளலச் சொல்லிக் கொடுக்கட்டும். வீட்டுப் பொம்பளையள்ல முழங்கால், முதுகுன்னு கஷ்டப்படுதவங்க நிறையப் பேரு இருக்காங்க. சரிதானா?"

சுவிசேஷமுத்து மருமகளைத் திரும்பிப் பார்த்தார். சபைக்காரர்கள் இன்னும் பக்கத்தில்தான் நின்றார்கள்.

"என்னய ஏன் கேக்கீரு வே?" என்றார். "கை அவளுது. அவகிட்ட கேளும்."

பியூலா சீலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "வாரேன் அண்ணாச்சி. இவுகளும் கூட வரணும்" என்று கணவனைக் காட்டினாள். ஞானசிகாமணி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். முன்னால் ஆண்கள் மூவரும் ஆட்டத்தை முதலிலிருந்து பேசிக்கொண்டு போனார்கள். மாமனாரும் ஞானசிகாமணியும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. பியூலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

லில்லி அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினாள்.

"மதினி, வள்ளியூர்ல இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெள்ளிக்கிழமை என்னயப் பாக்க வாராங்கல்லா."

"ஆமா. அதுக்கென்ன இப்பம்?"

லில்லி முன்னால் போகிறவர்களை ஒரு முறை பார்த்தாள். பிறகு பியூலாவின் கையை எடுத்து, சீலைக்கு அடியில் தன் முதுகின் நடுவில் வைத்தாள்.

"இங்கன பாருங்க. போன வருஷம் இப்படி இல்ல. அப்பாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

ரவிக்கைத் துணிக்கு மேலே பியூலாவின் விரல் கழுத்திலிருந்து முதுகுத்தண்டு வழியே எலும்பு எலும்பாகக் கீழே இறங்கியது. பாதி முதுகில், நேராக இறங்க வேண்டிய விரல் வலது பக்கமாக வளைந்து போயிற்று.

"லில்லி, ஏன் பிந்துதே?" என்று சுவிசேஷமுத்து கூப்பிட்டார். குரலில் இன்னும் சந்தோஷம் இருந்தது. "உன் மதினியக் கூட்டிக்கிட்டு முன்னால வா. அவ இன்னைக்குப் பின்னால நடக்கக் கூடாது."

"அப்பாகிட்ட சொல்லிராதீங்க மதினி. தெரிஞ்சா இந்தச் சம்பந்தமே நின்னுரும்" என்றாள் லில்லி.

பியூலா கையை எடுக்கவில்லை.